தமிழ்நாட்டில் ஏழைகள் 2 சதவீதம்தானா? எங்க பெரியம்மா எந்தக் கணக்குல வருவாங்க?

திருப்பூர் தனம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். அங்க எங்க பெரியம்மா தனியா இருக்காங்க. வயசு 67. பெரியப்பா தவறிட்டாரு, பிள்ளைங்க கிடையாது. கவர்மெண்டு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. நூறு நாள் வேலை இருந்தா போவாங்க, முட்டி வலின்னா அதுவும் இல்ல. சிலிண்டர் இல்ல, வேலிக்காத்தான் விறகுதான் அடுப்புக்கு. கக்கூஸ் இல்ல. பள்ளிக்கூட வாசலே மிதிச்சதில்ல. முன்னாடி இலவசமா வந்த கலர் டிவி ரிப்பேராகி மூலையில கிடக்கு. வீட்ல இருக்கற ஒரே சாமான்னு சொன்னா நான் வாங்கிக் கொடுத்த பட்டன் போன்.

முதியோர் பென்ஷனுக்கு மனு போட்டோம். வறுமைக்கோட்டுப் பட்டியல்ல பேர் இல்லன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. ரேஷன் கார்டும் என்.பி.ஹெச்.ஹெச். கார்டு, அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம்னு போட்டது.

அதுக்கப்புறம் ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து போன்ல தேடிப் படிச்சேன். மத்திய அரசோட நிதி ஆயோக் கணக்குல தமிழ்நாட்டுல ஏழைங்க 2.20 சதவீதம்தானாம். இன்னொரு இடத்துல உலக வங்கி ஒரு நாளைக்கு 3 டாலர்னு சொல்லுது. இன்னொண்ணுல 32 ரூபாய்னு இருக்கு. எங்க மாமா ஒருத்தர், "உங்க பெரியம்மா வெத்தலை பாக்கு டீயோட சேத்து நாளைக்கு அறுபது எழுபது செலவு பண்ணுதே, அது எப்படி ஏழையாகும்"னு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

இதுல எதுதாங்க கவர்மெண்டோட கோடு? அதை யார் போடறாங்க? பெரியம்மா அதுக்கு மேலயா கீழயா?

குரூப்டூ கார்த்தி:

அக்கா, பரீட்சைக்குப் படிச்சதைச் சுருக்கமா சொல்றேன்.

1979ல ஒய்.கே. அலக் குழு: கிராமத்துல ஒருத்தருக்கு 2,400 கலோரி, நகரத்துல 2,100 கலோரி. அதை வாங்கற அளவுக்குச் செலவு பண்ண முடியாதவங்க ஏழை. 1993ல லக்டவாலா குழு, மாநிலத்துக்கு ஒரு கோடு போட்டாங்க. 2009ல டெண்டுல்கர் குழு, கலோரியை விட்டுட்டாங்க. அந்த முறைப்படி 2011-12ல கிராமத்துல ஒருத்தருக்கு மாசம் 816 ரூபாய், நகரத்துல 1,000. நாட்டுல 21.9 சதவீதம் ஏழை. 2014ல ரங்கராஜன் குழு அதே வருஷத்துக்கு 972, 1,407னு சொல்லுச்சு, உடனே 29.5 சதவீதம் ஆயிடுச்சு. அரசு அதை ஏத்துக்கல. அப்புறம் கோடே போடல.

ஒரே வருஷம், ஒரே ஜனங்க, குழு மாறினா ஏழைங்க எண்ணிக்கை 9 கோடி கூடுது. என்னைக் கேட்டா எல்லாமே கண்துடைப்பு.

களஏடு:

தனம், கார்த்தி தம்பி கொடுத்த வரிசை சரி. ஆனால் அதில் உங்கள் பெரியம்மா இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தேசிய மாதிரி ஆய்வில் கள ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று தெற்குச் சீமையில் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். பேப்பரில் வருகிற அந்தச் சதவீதமெல்லாம் எங்களில் யாராவது ஏதோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து எழுதிய படிவத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாட்டில் ஏழைகள் எத்தனை பேர் என்று எண்ணுவது ஒரு வேலை. இந்த ஊரில் யார் யார் ஏழை என்று பெயர் எழுதுவது வேறு வேலை. எண்ணுவதற்கு எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. 2022-23 குடும்பச் செலவு ஆய்வில் நாடு முழுக்க எடுத்தது 2,61,746 வீடு. உங்கள் பெரியம்மா வீடு அதில் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வந்திருந்தாலும் அவர் சொன்னது ரகசியம், அதை வைத்து யாரும் கார்டு கொடுக்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. 32 ரூபாய், 816 ரூபாய் எல்லாம் இந்த முதல் வேலையின் கணக்கு. உங்கள் மனு நின்றது இரண்டாவது வேலையில்.

எண்ணும் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், உங்கள் மாமாவுக்குப் பதில் அதில் இருக்கிறது.

வருமானத்தை நாங்கள் கேட்பதில்லை, செலவைத்தான் கேட்போம். கூலிக்குப் போகிறவர்களுக்கு வருமானம் நாளுக்கு நாள் மாறும், சொல்லவும் தயங்குவார்கள். சாப்பிட்டது நினைவிருக்கும். அரிசியிலேயே இரண்டு வரி: ரேஷன் அரிசி தனி, கடை அரிசி தனி. பிறகு பருப்பு, எண்ணெய், கீரை, கருவாடு, வெற்றிலை, புகையிலை, சோப்பு, பஸ் டிக்கெட் என்று போகும். முன்பு 347 பொருள், 2022-23ல் 405 ஆக்கினார்கள். வீட்டில் விளைந்த கத்திரிக்காய்க்கும் விலை போட வேண்டும், களத்து விலையில்.

எத்தனை நாளைக்குக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "போன ஒரு மாசத்தில் காய்கறிக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டால் அந்த அம்மா முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு யோசித்துவிட்டு ஏதோ ஒரு முழுத்தொகை சொல்வார். "போன ஏழு நாளில்?" என்று கேட்டால், "வெள்ளிக்கிழமை சந்தையில தக்காளி, வெங்காயம்... ஆமா, முருங்கைக்காய் ரெண்டு" என்று ஒவ்வொன்றாக வரும். கூட்டிப் பார்த்தால் மாதக் கணக்கைவிடக் கூடுதலாக நிற்கும். செலவு கூடினால் ஏழை குறைவார். கேள்வியை மாற்றினாலே வறுமை குறையும் என்பது இதுதான். 2011-12க்கு உலக வங்கியே இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தது: அன்றைய 1.90 டாலர் கோட்டில், பழைய முறைப்படி 21.2 சதவீதம், கால அளவை மாற்றிய முறைப்படி 12.4. 1999-2000ல் ஏழு நாளையும் முப்பது நாளையும் ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் கேட்டு, ஒன்றின் விடை மற்றொன்றைக் கெடுத்துவிட்டது என்று பெரிய சண்டையே நடந்தது.

நான் கண்ணால் பார்த்த இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கூலிக்குப் போகிறவருக்கு நிலத்துக்காரர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு போட்டால், அந்தச் சோறு சமைத்த வீட்டுக் கணக்கில்தான் ஏறும். சாப்பிட்டவர் வீட்டில் ஏறாது. வேறு வழியில்லாமல் வைத்த விதி, அரிசியை இரண்டு தடவை எண்ணக் கூடாதே. ஆனால் அதனால் நிலத்துக்காரர் உண்மையில் சாப்பிட்டதைவிட அதிகம் சாப்பிட்டவர் ஆகிறார், கூலிக்காரர் உண்ணாதவர் ஆகிறார்.

இன்னொன்று மருத்துவச் செலவு. ஒரு வீட்டில் குடும்பத் தலைவருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். நகையை வைத்து, மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார்கள். கடைசி 365 நாளில் ஆஸ்பத்திரிச் செலவு என்று நான் அந்தத் தொகையை எழுதினேன், விதிப்படி எழுதியாக வேண்டும். அன்று அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு நீத்தண்ணியும் ஊறுகாயும்தான் இருந்தது. படிவத்தில் அந்தக் குடும்பம் அந்தத் தெருவிலேயே நன்றாகச் செலவு செய்கிற குடும்பம். கோட்டுக்கு வெகு மேலே. கடன் வாங்கிச் செலவழித்ததும் செலவுதான், எங்கள் கூட்டல் அதை வேறுபடுத்தாது. எனக்கு இன்றும் மனது கேட்காத விஷயம் இது.

இதற்குப் பழைய வேர் ஒன்று இருக்கிறது. 1962ல் திட்டக் கமிஷன் அமைத்த குழு முதன்முதலில் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்று வைத்தபோது, படிப்பும் வைத்தியமும் அதில் சேர்க்கவில்லை. அவை இரண்டையும் அரசே கொடுக்கும் என்று நம்பி வைத்த கோடு அது. 1979 கோட்டில் கலோரிதான் மையம், 1973-74 விலையில் கிராமத்துக்கு 49.09 ரூபாய், நகரத்துக்கு 56.64. டெண்டுல்கர் குழுதான் படிப்பு, வைத்தியச் செலவுக்கு வெளிப்படையாக இடம் வைத்தது. நகரத்துக் கோட்டை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, அதே வாழ்க்கைக்குக் கிராமத்தில் என்ன செலவாகும் என்று போட்டார்கள். கிராமத்து வறுமை 2004-05க்கு 28.3 சதவீதத்திலிருந்து 41.8க்கு ஏறியது. கார்த்தி, குழு மாறினால் எண் மாறுவது உண்மை. ஆனால் இங்கே எண் கூடியது என்பதையும் பாருங்கள். அரசுக்குச் சங்கடமான எண்ணைத் தந்த குழு அது, அதை அரசு ஏற்றுக்கொண்டது.

32 ரூபாய்க்கு வருகிறேன். 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் திட்டக் கமிஷன் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் வந்தது. நகரத்தில் தலைக்கு மாதம் 965, கிராமத்தில் 781. நாளுக்கு வகுத்தால் 32, 26. ஐந்து பேர் உள்ள நகரத்துக் குடும்பத்துக்கு மாதம் 4,825 ரூபாய், சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் அதற்குள். அப்படிப் பார்த்தாலும் அது மிகக் குறைவு என்பதே என் எண்ணம். டெண்டுல்கர் முறையில் 2011-12க்கு நம் மாநிலத்துக் கிராமக் கோடு 880 ரூபாய், நாளுக்கு 29. உங்கள் மாமா சொன்ன அறுபது ரூபாயை அந்தப் பழைய 32டன் வைத்துப் பார்ப்பதே தவறு. அதற்குப் பிறகு விலைவாசி எங்கே போய்விட்டது!

3 டாலரும் அப்படித்தான். வங்கியில் டாலர் மாற்றுகிற விலையில் பெருக்கக் கூடாது. இங்கே அதே பொருளை என்ன விலைக்கு வாங்கலாம் என்ற கணக்கில், அது சுமார் நாலில் ஒரு பங்குதான் வரும். 2025 ஜூனில்தான் 2.15ஐ 3 ஆக்கினார்கள். அந்தக் கோட்டில் இந்தியாவுக்கு 2022-23ல் 5.3 சதவீதம்.

இப்போது அந்த 2.20க்கு வருகிறேன், உங்கள் பெரியம்மா இங்கேதான் நழுவுகிறார்.

அது பணத்தை அளக்கவே இல்லை. பல்பரிமாண வறுமைக் குறியீடு என்று பெயர். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 தரவிலிருந்து எடுத்தது, நாட்டுக்கு 14.96 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 2.20. சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை. அதற்குள் 12 குறிகள். இல்லாமைகளைக் கூட்டி மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அந்த வீடு ஏழை.

பெரியம்மாவுக்குப் போடுவோம். சத்துக்குறைவை 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள், 54 வரையுள்ள ஆண்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மட்டும்தான் அளந்தார்கள். பெரியம்மாவின் உடம்பை யாரும் எடை பார்க்கப் போவதில்லை. அளக்க ஆள் இல்லாத வீட்டுக்குக் குறை இல்லை என்று போடுவார்கள். குழந்தை இறப்பு, பிரசவப் பராமரிப்பு, பிள்ளைகள் பள்ளி செல்வது, எல்லாவற்றிலும் அதே. எனவே சுகாதாரத்தில் பூஜ்யம். கல்வியில், ஆறு வருடம் படித்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை: ஆறில் ஒரு பங்கு, 0.167. வாழ்க்கைத்தரத்தில் ஏழு குறி, ஒவ்வொன்றும் 21ல் ஒரு பங்கு. விறகு, கழிப்பறை, சாமான் மூன்றிலும் குறை, 0.143. தொகுப்பு வீடு கட்டட வீடு, குறை இல்லை. கரண்டு உண்டு. நூறு நாள் வேலைக்காக வங்கிக் கணக்கு உண்டு. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கூட்டினால் 0.31. வேண்டியது 0.333.

அந்தக் கணக்குப்படி உங்கள் பெரியம்மா ஏழை இல்லை, தனம். கணக்கில் பிழை இல்லை. பிள்ளைகுட்டி உள்ள குடும்பத்தை மனதில் வைத்துச் செய்த அளவுகோல் அது. தனியாக இருக்கிற வயதானவர்களை அது பார்க்காது. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

திருப்பூர் தனம்:

மேடம், ரொம்ப நன்றி. 0.31ன்னு படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. தண்ணி நீங்க சொன்ன மாதிரி தெருக்குழாய்தான். தள்ளுபடி பண்ணவங்ககிட்ட இத்தனை கணக்கு இருக்கும்னு நான் நினைக்கவேயில்ல.

ஆனா ஒண்ணு புரியல. 2.20 சதவீதமோ 32 ரூபாயோ பேரு எழுதற வேலைக்குச் சம்பந்தமில்லன்னு சொல்றீங்க. அப்போ அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? பெரியம்மா பேரை யார் விட்டாங்க?

தேனி மல்லிகா:

தனம், நான் மகளிர் திட்டத்துல சமுதாய வல்லுநரா இருக்கேன். எங்க பக்கத்துக் கதையைச் சொல்றேன்.

2005க்கு அப்புறம் புது வாழ்வுத் திட்டம் வந்தப்போ மக்கள் நிலை ஆய்வுன்னு ஒண்ணு செஞ்சோம். ஊர்ச் சனத்தைக் கூட்டி, மந்தையில கோலப்பொடியால தெருவெல்லாம் வரைவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை. மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதின்னு சனங்களே பிரிப்பாங்க. அப்புறம் கிராம சபையில வாசிச்சு ஒப்புதல் வாங்கணும்.

அதுல நான் கண்டது, சனங்க பாக்கற கண்ணு வேற. ஒரு வீட்டுல ரெண்டு மாடு நிக்கும், வசதின்னு நாங்க எழுதப் போவோம். "ஏத்தா, அது வட்டிக்காரன் மாடு, பால் ஊத்தித்தான் கடன் கழியுது, ஏழையில வை"ம்பாங்க. தனியா இருக்கற கெழவிக்கு யாரும் வாதாடவே வேணாம், எடுத்த எடுப்புல மிகவும் ஏழையில வச்சிருவாங்க.

ஆனா குறையும் இருக்கு. அன்னிக்கு ஊர்ல இல்லாதவங்க விட்டுப்போவாங்க. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவங்க அட்டை எத்தனையோ எழுதப்படாமலே போயிருக்கு. ஊர்க்கூட்டத்துல காலனிச் சனம் வாய் திறக்க முடியாத ஊரும் உண்டு, அங்க பட்டியல் எப்படி வந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.

உங்க பெரியம்மா பேரு அதுல இருக்கான்னு முதல்ல பாருங்க. கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்துல கேளுங்க, இல்லாட்டி ஊராட்சி ஆபீஸ்ல எழுத்தரைக் கேளுங்க. விட்டுப்போயிருந்தா கிராம சபையில சேக்கச் சொல்லித் தீர்மானம் கேக்கலாம். நீங்க லீவு போட்டு அன்னிக்கு ஊர்ல நிக்கணும். பெரியம்மா தனியாப் போனா கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவாங்க.

கிளிநொச்சி ரமணன்:

இலங்கையிலும் இதே பாடுதான், அதால ஒரு சொல் எழுதலாம் எண்டு நினைச்சன்.

இங்க எண்ணுற கோட்டைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் போடுது. 2019ல ஒராளுக்கு மாதம் 6,966 ரூபா, அதுப்படி 14.3 வீதம் ஏழையள். 2022 நெருக்கடியோட சாமான் விலை ஏறி, அந்தக் கோடு இரண்டு மடங்குக்கும் மேல போட்டுது. மாவட்டத்துக்கு மாவட்டமும் வேற: கொழும்புக்கு ஆகக் கூட, மொனராகலைக்கு ஆகக் குறைய.

ஆரை எடுக்கிறது எண்டது வேற கதை. 2023ல சமுர்த்தி எண்ட பழைய அரச உதவித் திட்டத்துக்குப் பதிலா அஸ்வெசும வந்தது. படிப்பு, சுகம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு எண்டு ஆறு பிரிவில 22 குறிகாட்டி. புள்ளி போட்டு நாலு வகை, தொடக்கத்தில உதவி மாதம் 2,500 ரூபாவில இருந்து 15,000 வரைக்கும். ஆனா எத்தனை குடும்பம் எண்ட தொகை முதலே முடிவாகியிட்டுது: தற்காலிகமாப் பாதிக்கப்பட்டவை 4 லட்சம், பலவீனமானவை 4 லட்சம், ஏழைகள் 8 லட்சம், மிக ஏழைகள் 4 லட்சம், மொத்தம் 20 லட்சம் குடும்பம். பட்டியல் வெளிவந்த உடன மேன்முறையீடும் ஆட்சேபனையும் குவிஞ்சுது. எங்கட பக்கம் போரில புருசனை இழந்த பெண்கள் நிறையப் பேர். என்.ஜி.ஓ. கட்டிக் குடுத்த கல்வீடு இருக்கு, உள்ளுக்க ஒண்டும் இல்லை. வீடு பார்த்துப் புள்ளி போட்டால் அவை என்ன செய்யிறது? உங்கட பெரியம்மான்ர தொகுப்பு வீடு எண்டு வாசிக்க எனக்கு அதுதான் நினைவு வந்தது.

மேன்முறையீடு செய்து எடுத்த ஆக்களும் இருக்கினம். விடாதேங்கோ தங்கச்சி.

களஏடு:

ரமணன் எழுதிய "தொகை முதலே முடிவாகிவிட்டது" என்பதில்தான் தனம் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது.

எண்ணும் வேலையும் பெயர் எழுதும் வேலையும் வேறு என்று சொன்னேன். வேறாகவே இருந்திருந்தால் பாதிக் கேடு இல்லை. 1997ல் ரேஷனை ஏழைக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்று பிரித்தபோது, ஏழை வீடுகள் மாநிலத்துக்கு எத்தனை என்பதை எங்கள் ஆய்விலிருந்து வந்த 1993-94 மதிப்பீட்டை வைத்து மத்திய அரசு கட்டிப்போட்டது. தமிழ்நாடு அந்தப் பிரிவினைக்குப் போகாமல் எல்லாருக்கும் ரேஷன் என்று நின்றது. உங்கள் பெரியம்மாவுக்கு என்.பி.ஹெச்.ஹெச். கார்டிலும் விலையில்லா அரிசி கிடைப்பது அதனால்தான். மற்ற பல மாநிலங்களில் அந்தக் கார்டு இருந்திருந்தால் அரிசியும் போயிருக்கும்.

2002ல் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு. 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண், மொத்தம் 52. நிலம், வீடு, எத்தனை துணி, எத்தனை வேளைச் சாப்பாடு, கடன் யாரிடம் என்றெல்லாம். "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்ற கேள்விக்குக்கூட மதிப்பெண் இருந்தது. எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே ஏழை என்று மாநிலமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் திட்டக் கமிஷனின் வறுமை மதிப்பீட்டை ஒட்டியே இருக்க வேண்டும். அதாவது எண்ணிக்கை முதலில் வந்தது, மனிதர்கள் பிறகு அதற்குள் திணிக்கப்பட்டார்கள். ஒரு ஊரில் நாற்பது பேர் பட்டினியாக இருந்து முப்பதுக்குத்தான் இடம் என்றால், பத்துப் பேரை விலக்க ஒரு காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இந்த நாட்டில் வறுமையை அளப்பதில் நடந்த பெரிய தவறு கோடு தாழ்ந்ததைவிட இதுதான் என்பேன். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு 62.55 சதவீதம், நகரத்துக்கு 37.79 என்று உச்சவரம்பு உண்டு. அதுவும் எங்கள் 2011-12 ஆய்வை வைத்துப் போட்டதே.

2011ல் நடந்த சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு வேறு வழி எடுத்தது. மோட்டார் வண்டி, பிரிட்ஜ், லேண்ட்லைன் என்று 14ல் ஒன்று இருந்தாலும் வெளியே. எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகுகூட அதில் உண்டு. படகு வைத்திருப்பவர் ஏழை இல்லை என்று எழுதியவர், பழவேற்காட்டிலோ தொண்டியிலோ ஒரு நாள் கரையில் நின்றிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். மத்திய அரசின் வீடு கட்டும் திட்டத்துக்கு அந்த நிபந்தனையை 2024ல்தான் தளர்த்தினார்கள்.

ஆக ஒரே ஊரில் இப்போது 2002 பட்டியல், 2011 பட்டியல், மல்லிகா சொன்ன மக்கள் நிலை ஆய்வுப் பட்டியல், ரேஷன் கார்டு வகை என்று நாலு கிடக்கிறது. உங்களுக்கு வந்த தள்ளுபடியில் எந்தப் பட்டியல் என்று எழுதியிருந்தார்களா? எழுதவில்லை என்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்: எந்த ஆண்டுப் பட்டியல், அது எங்கே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது, மனுவை விசாரித்த அலுவலரின் அறிக்கை நகல்.

அடுத்தது. மத்திய அரசின் பங்கு உள்ள இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்துக்கு வறுமைக்கோட்டு நிபந்தனை உண்டு. அதில் மத்தியப் பங்கு 80 வயது வரை 200 ரூபாய். 2007லும் 200, இன்றும் 200. மிச்சத்தை மாநிலம் போட்டுத்தான் 2023ல் 1,200 ஆனது. ஆனால் பெரியம்மா கணவரை இழந்தவர். ஆதரவற்ற விதவைகளுக்கென்று 1975லிருந்து மாநிலத் திட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. பிள்ளைகளும் இல்லை என்பதால் அதில் மனுப் போட முடியுமா என்று சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் நேரில் கேளுங்கள். பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் கையில் இருக்கட்டும். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும் நாளை முன்கூட்டிக் கேட்டு வைத்து, அன்று நீங்களோ மல்லிகா மாதிரி ஒருவரோ கூட இருங்கள். அங்கே அசைவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்.

கார்த்தி தம்பிக்கு ஒரு வார்த்தை. கண்துடைப்பு என்று ஒதுக்கிவிட்டால் நம் கையில் கேட்பதற்கு எதுவும் இருக்காது. 2017-18ல் எங்கள் ஆட்கள் வெயிலில் அலைந்து எடுத்த செலவு ஆய்வை 2019 நவம்பரில் தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடாமல் விட்டார்கள். தரம் சரியில்லை என்றால் தரவைக் கொடுத்துவிட்டுச் சொல்லலாமே, நாடே பார்த்து முடிவு செய்துகொள்ளும். 2022-23ல் கேள்வியும் மாறியது, ஒரே தடவையில் கேட்டதை மூன்று தடவையாகப் பிரித்துக் கேட்டார்கள். கிராமத்தில் தலைக்கு மாதம் 3,773 ரூபாய் என்று வந்தது. நல்ல ஆய்வுதான், ஆனால் 2011-12டன் நேராக ஒப்பிட முடியாது. நடுவில் இருந்திருக்க வேண்டிய படியை எடுத்துவிட்டார்கள். அதிகாரபூர்வமான கோடும் இல்லை. இந்த விலைவாசிக்கு ஒரு கோடு போடுங்கள், அதை நலத்திட்ட உச்சவரம்பாக வைக்காதீர்கள், இந்த இரண்டையும் உங்களைப் போலப் படிக்கிற பிள்ளைகள் கேட்க வேண்டும். நாளைக்கு நீங்களே அந்த நாற்காலியில் உட்காரலாம், உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு மனு வரும்.

திருப்பூர் தனம்:

மேடம், தள்ளுபடி எஸ்.எம்.எஸ்.ல எந்தப் பட்டியல்னு இல்ல, இப்பதான் எடுத்துப் பாத்தேன். மல்லிகா அக்கா, அடுத்த கிராம சபைக்கு லீவு சொல்லிட்டேன். பெரியப்பா இறப்புச் சான்றிதழ்ல பேரு ஒரு எழுத்து தப்பா இருக்கு, கார்டுல வேற மாதிரி. அது தடையா வருமா?

தேனி மல்லிகா:

வரும். முதல்ல அதைத் திருத்துங்க. இறப்பு பதிஞ்ச ஆபீஸ்லயே ஆதார் நகலோட எழுதிக் கொடுத்தா மாத்தித் தருவாங்க. நாளாகுங்கறதால அதுக்காகக் காத்திருக்காம, "ரெண்டும் ஒரே ஆள்தான்"னு வி.ஏ.ஓ.கிட்ட எழுதி வாங்கி மனுவோட வச்சிருங்க. எந்த மனுக் கொடுத்தாலும் நகல்ல தேதியோட சீல் வாங்காம வெளியே வராதீங்க.